ஓஇடி தேர்வு: வார்டு நர்சுக்கு ஏற்றதுதான், கடிதத்தில்தான் கண்டம்

பிரிட்டனில் நர்சாகப் பதிவுசெய்ய அந்நாட்டு நர்சிங் கவுன்சிலான என்எம்சி கேட்கும் ஆங்கிலத் தகுதிக்கு, எல்லோருக்கும் பொதுவான ஐஇஎல்டிஎஸ் தேர்வும் எழுதலாம், மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஓஇடியும் எழுதலாம். வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஓஇடிதான் மேல். நோயாளி, மருந்து, டிஸ்சார்ஜ் என்று பழகிய விஷயங்களே கேள்வியாக வருகின்றன. கட்டணம்தான் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட அதிகம்.

ஓஇடியில் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என நான்கு பகுதிகள். கேட்டல், வாசிப்பு இரண்டிலும் தலா 42 கேள்விகள். கேட்டலில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். வாசிப்பின் முதல் பகுதி பொல்லாதது: 4 உரைகள், 20 கேள்விகள், 15 நிமிடம். முழுக்கப் படித்துவிட்டு விடை தேடினால் நேரம் போதாது. மருந்தளவு எதில், அறிகுறி எதில் என்று மட்டும் பார்த்துக்கொண்டு நேராகக் கேள்விக்குப் போய்விட வேண்டும்.

பலர் சறுக்குவது எழுத்துப் பகுதியில் வரும் கடிதத்தில். கேஸ் நோட்ஸ், அதாவது நோயாளி பற்றிய குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம், அப்போது எதையும் குறிக்கக் கூடாது. பிறகு எழுத 40 நிமிடம், 180 முதல் 200 சொற்கள். நோட்ஸில் உள்ள எல்லாவற்றையும் கடிதத்தில் கொட்டுவதுதான் பெரிய தவறு. வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றப்போகும் நர்சுக்கு, நோயாளியின் சிறுவயது டான்சில் ஆபரேஷன் எதற்கு? கட்டு எப்போது மாற்ற வேண்டும், சர்க்கரை அளவு எப்படி, எந்த மருந்து ஒவ்வாது என்பதுதான் வேண்டும். எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே தெரியாவிட்டால் அதற்கும் மதிப்பெண் குறையும். நோட்ஸின் தந்தி நடையை அப்படியே பெயர்த்து வைப்பதும் எடுபடாது; முழு வாக்கியமாக்க வேண்டும். நல்லவேளையாக, மற்ற மூன்றிலும் பி தரம் (350 மதிப்பெண்) கேட்கும் என்எம்சி, இதில் மட்டும் சி பிளஸ் (300) போதும் என்கிறது.

பேச்சில் நர்சாக நடித்து நோயாளியிடம் பேசிக் காட்டும் 2 ரோல் ப்ளே, ஒவ்வொன்றும் 5 நிமிடம். மருத்துவ அறிவுக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. அதைக் காட்டப்போய் நோயாளிக்குப் பாடம் நடத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டுவிட்டு விளக்கம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஒரு பகுதியில் கொஞ்சம் குறைந்தால், 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்ட வழி உண்டு. ஆனால் இரண்டு முறையும் நான்கு பகுதிகளையும் எழுதியிருக்க வேண்டும். முடிவு 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பதிவுக்காகக் கல்லூரியிலும் இங்குள்ள நர்சிங் கவுன்சிலிலும் சான்றிதழ் வாங்கும் வேலை இழுக்கும் என்பதால், அதைத் தொடங்கிவிட்டுத் தேர்வுக்குத் தேதி போடுவது நல்லது.