வேகமாக ஓட்டினால் மண் இறுகாதா? 50 எச்.பி. டிராக்டரும் 14.9-28 டயரும்: பல பருவப் பயன்பாட்டில் தெரிந்தவை

மெல்ல ஊர்ந்தால் மண் இறுகும், கியரை மாற்றி வேகம் கூட்டினால் இறுகாது என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. 14.9-28 பின் டயர் (சுமார் 14.9 அங்குல அகலம், 28 அங்குல ரிம்) மண்ணில் படியும் நீளம் சுமார் 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் ஓரிடத்தின் மேல் பாரம் 0.4 நொடி இருக்கும், 8 கி.மீ. வேகத்தில் 0.2 நொடி. மண் அமுங்க, துகள்களுக்கு நடுவே உள்ள காற்றும் நீரும் வெளியேற வேண்டும். அதற்கான நேரம் குறைவதால் மேல்மண்ணில் தடம் கொஞ்சம் ஆழம் குறைவாகவே விழும். உழவு ஆழத்துக்குக் கீழே இந்த ஆதாயம் பெரிதாக எட்டாது. அங்கே தீர்மானிப்பது அச்சின் மேலுள்ள எடை. மேடுபள்ளமான வயலில் வேகம் கூடினால் வண்டி குதித்து, டயர் மேல் விழும் பாரம் இன்னும் ஏறும்.

வேகத்தைவிடக் காற்றழுத்தத்தைக் கவனிப்பது பலன் தரும். டயர் தரைக்குக் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை ஒட்டியே அமையும். சாலையில் டிரெய்லர் இழுக்க 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு என்ற காற்றழுத்த அளவு) வைத்துவிட்டு அப்படியே வயலில் இறங்குவதுதான் பரவலான தவறு. வயல் வேகம் குறைவு என்பதால், அதே பாரத்தைக் குறைந்த காற்றிலேயே டயர் தாங்கும். நிறுவனத்தின் பார அட்டவணையைப் பார்த்து 12 முதல் 14 வரை இறக்கலாம். மீண்டும் சாலை ஏறும்முன் காற்று நிரப்பியாக வேண்டும், இல்லையென்றால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம். இதற்காக ஒரு சின்ன கம்ப்ரசர் வாங்கி வைப்பது வீண் செலவல்ல.

அடுத்தது, சக்கரம் வழுக்காமல் இருக்க எடை கூட்டுவதற்காக டயருக்குள் நிரப்பும் தண்ணீர். முக்கால் பாகம் நிரப்பினால் இரண்டு பின் டயரிலும் சேர்த்து சுமார் 400 கிலோ கூடும். அது தேவையா என்று வழுக்கலை, அதாவது சக்கரம் சுற்றியும் வண்டி முன்னேறாமல் வீணாகும் பங்கை, அளந்தால் தெரியும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் 10 சுற்றுக்கான தூரத்தை அளக்க வேண்டும். பிறகு உழுதபடி அதே 10 சுற்று. முதலில் 40 மீட்டர், உழும்போது 35 மீட்டர் என்றால் வழுக்கல் 12.5 சதவீதம். 8 முதல் 15 வரை சரி. 8-க்குக் கீழே போனால் எடை அதிகம், தண்ணீரை வடித்துவிடலாம். 15-ஐத் தாண்டினால் சக்கரம் மண்ணைத் தேய்த்து மெழுகிவிடும். அப்போது கொழுவின் ஆழத்தைக் குறைத்து, ஒரு கியர் கூட்டி ஓட்டுவது நல்லது. வேகம் உண்மையில் உதவுவது இங்கேதான்: அதே குதிரைத்திறனுக்கு இழுவை குறையும், எடையும் குறைவாகப் போதும்.

மண்ணில் ஈரம் அதிகமாக இருந்தால் இவை எதுவும் காப்பாற்றாது. 15 செ.மீ. ஆழத்து மண்ணை உருட்டிப் பாருங்கள், 3 மி.மீ. கயிறாகத் திரிந்தால் அன்று வண்டியை இறக்கக் கூடாது.

கரும்பு டிரெய்லர் தனிக் கதை. 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று வைத்த குறுகிய டயரில் டன் கணக்கில் பாரம் ஏறுகிறது. இறுக்கத்தின் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுவதால், வயல் முழுக்கச் சுற்றாமல் வரப்போரம் ஒரே தடத்தில் ஓட்டுவதே மேல்.

ஏற்கெனவே இறுகிய நிலத்தில் வேர் 15, 20 செ.மீ. ஆழத்தில் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அங்கே மண் காய்ந்திருக்கும்போது, அடிமண் இறுக்கத்தை உடைக்கும் உளிக்கலப்பையை 50 செ.மீ. இடைவெளியில் 40 செ.மீ. ஆழத்துக்கு நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டி, எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இட வேண்டும். இப்படித் தளர்ந்த மண் முன்பைவிட எளிதில் அமுங்கும் என்பதால், அந்தப் பருவத்தில் பாரம் ஏற்றிய டிரெய்லரை அதன்மேல் விடக் கூடாது.