ஒரு குமிழி போதும்: கையடக்கப் பிசிஆர், இரண்டு ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

“கையடக்கப் பிசிஆர் வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று நண்பர் கேட்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி, கொட்டில் தரை, சந்தேகத்துக்குரிய பொடி என்று ஆய்வகத்துக்கு வெளியே கிருமி தேடுகிற வேலை அவருடையது. சூடாக்கி ஆறவைக்கும் சுற்றுகளில் கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கி, அதோடு ஏறும் ஒளிர்வை அளந்து கிருமியைக் கண்டுபிடிப்பதுதான் பிசிஆர். எடை, பேட்டரி, ஒரே நேரத்தில் எத்தனை ட்யூப் ஓடும் என்பதெல்லாம் விவரத்தாளிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். இந்த வகைக் கருவியோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்றுதான்: காற்றுக்குமிழி.

சிரிக்க வேண்டாம். ரியேஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்) எல்லாம் உறையவைத்து உலர்த்திய வெள்ளை உருண்டையாக ட்யூபின் அடியில் இருக்கும், மிளகைவிடச் சிறியது. 20 மைக்ரோலிட்டர் மாதிரிக் கரைசலை விட்டதும் கரைந்துவிட்டதுபோல் தெரியும். ஆனால் அந்த உருண்டை பஞ்சு மாதிரி. உள்ளே முழுக்க நுண்துளை. துளைகளிலிருந்த காற்று வெளியே வந்து, கூம்பு முனையில் ஊசிமுனையளவு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். 95 டிகிரிக்குச் சூடேற ஏற அது பெரிதாகும். பிறகு ஏதோ ஒரு சுற்றில் பிடிவிட்டு மேலே போய்விடும். ஒளியை அளக்கும் துளை பார்ப்பது ட்யூபின் அடியைத்தான். அதுவரை காற்று இருந்த இடத்தில் திரவம் வந்து நிறைந்ததும் ஒளிர்வு ஒரே தாவில் ஏறும். கிருமி உண்டு என்று சொல்ல வைத்திருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டியாயிற்று என்பது மட்டும்தான் மென்பொருளுக்குத் தெரியும். திரையில் சிவப்பு எழுத்தில் ‘பாசிட்டிவ்’.

சுற்றுக்குச் சுற்று ஒளிர்வைக் காட்டும் வளைவைப் பார்த்தால் அரை நொடியில் பிடித்துவிடலாம். உண்மையான பெருக்கம் என்றால் சில சுற்றுகள் தட்டையாகப் போய், மெல்ல வளைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய இரட்டித்து, கடைசியில் அடங்கும். குமிழியின் வளைவு படிக்கட்டு: ஒரே சுற்றில் ஏற்றம், பிறகு மறுபடி தட்டை. இந்த அரை நொடிப் பார்வையைத்தான் கடைசி மென்பொருள் புதுப்பிப்பு பிடுங்கிக்கொண்டது. முன்பு முடிவின் கீழேயே வளைவு இருந்தது. இப்போது மூன்று மெனுவுக்கு உள்ளே, அதுவும் மேற்பார்வையாளர் கடவுச்சொல் போட்டால்தான் வரும். களத்தில் நிற்பவர் குழம்பக் கூடாதாம். குழப்பத்தை எடுக்கவில்லை, குழப்பம் தெரியாமல் மறைத்திருக்கிறார்கள்.

குமிழியைத் தவிர்க்கும் வழி கையேட்டில் ஒரு வரிதான். உண்மையில் செய்ய வேண்டியது இது. பிப்பெட் என்ற அளவு உறிஞ்சியின் பொத்தானை முதல் நிறுத்தம் வரை மட்டும் அழுத்துங்கள். கடைசித் துளியையும் தள்ளிவிடும் ஆசையில் இரண்டாவது நிறுத்தத்துக்குப் போனால் காற்றை நீங்களே ஊதுகிறீர்கள். முனையை உருண்டையின் மேல் வைக்காமல், ட்யூப் சுவரில் சாய்த்துத் திரவத்தை வழியவிடுங்கள். மூடியபின் ஒரு நிமிடம் தொடாதீர்கள். பிறகு ட்யூபின் அடியை நகத்தால் நாலைந்து முறை சுண்டி, சின்ன சென்ட்ரிஃபியூஜில் (ட்யூபை வேகமாகச் சுழற்றும் கருவி) பத்து நொடி சுற்றி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடியில் வெள்ளிப்பொட்டு மாதிரி ஏதாவது மின்னினால் இன்னொரு சுற்று. அந்தச் சென்ட்ரிஃபியூஜ் பெட்டியோடு வருவதில்லை. இல்லாதபோது, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய பாதரச வெப்பமானியை உதறுவதுபோல் மணிக்கட்டால் உதறலாம். பாதி நேரம் பலிக்கும்.

நியாயமாகப் பேசினால், தவறான நெகட்டிவுக்குக் குமிழியைப் பழிசொல்ல முடியாது. அங்கே குற்றவாளி மாதிரியேதான். மண்ணிலும் குளத்து நீரிலும் உள்ள ஹ்யூமிக் அமிலம், இரத்தத்தின் ஹீம், டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கையில் கழுவும் படியில் சரியாக உலராமல் தங்கிய எத்தனால், மூன்றுமே டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியின் வேலையைக் கெடுக்கும். இன்டர்னல் கன்ட்ரோல், அதாவது சோதனை ஓடியதா என்று காட்ட ட்யூபிலேயே சேர்த்திருக்கும் தெரிந்த டிஎன்ஏ, ஏறவில்லை என்றால் அந்த நெகட்டிவ் நெகட்டிவே அல்ல, சோதனை நடக்கவே இல்லை என்று பொருள். கன்ட்ரோல் தாமதமாக ஏறினாலும் சந்தேகப்படுங்கள். டிஎன்ஏ கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். தடுப்பான் இல்லாத மாதிரியில் சிடி மதிப்பு (ஒளிர்வு எல்லைக்கோட்டைத் தாண்டும் சுற்றின் எண்) 3.3 சுற்று அளவுக்குத் தள்ளிப்போக வேண்டும். அவ்வளவு தள்ளாமலோ, இன்னும் முன்னதாகவோ வந்தால், நீர்க்காத ட்யூபில் தடுப்பான் இருந்தது உறுதி. தேநீர் நிறத்தில் டிஎன்ஏ கரைசல் வந்தால் கேள்வியே வேண்டாம், நீர்த்துவிட்டே ஓட்டுங்கள்.

இதைக் கேட்டு, பேசாமல், டிஎன்ஏவை நுண்துளை வழியே விட்டு அதன் எழுத்து வரிசையைப் படிக்கும் நானோபோர் சீக்வென்சருக்குப் போய்விடலாமே என்பவர்களுக்கு: 2015இல் கினியாவில் எபோலா வைரஸை நோய் பரவிய இடத்திலேயே வரிசைப்படுத்திக் காட்டிய தொழில்நுட்பம் அது, மதிப்பு உண்டு. ஆனால் குமிழிப் பிரச்சினை அங்கே இன்னும் கொடூரம். பிசிஆரில் குமிழி ஒரு ட்யூபைக் கெடுக்கும். சீக்வென்சரின் ஃப்ளோசெல்லில் (துளைகள் பதித்த சவ்வுகள் இருக்கும் சில்லு) அது படுகிற சவ்வெல்லாம் கிழிந்து, அங்கிருந்த துளைகள் நிரந்தரமாகப் போய்விடும். அதன் வாயிலைத் திறந்ததும் முதலில் 20, 30 மைக்ரோலிட்டர் பின்னோக்கி இழுத்து, பிப்பெட் முனையில் மஞ்சள் பஃபர் கரைசல் தெரிகிறதா என்று பார்க்காமல் எதையும் உள்ளே விடக் கூடாது. காற்றடிக்கும் வெட்டவெளியில், கையுறையோடு, குனிந்து நின்று இதைச் செய்துபாருங்கள். ஒரே வெப்பநிலையில் டிஎன்ஏவைப் பெருக்கும் லேம்ப் முறையில் 65 டிகிரியிலேயே வேலை முடிவதால் குமிழித் தொல்லை குறைவு. ஆனால் அதிகநேரம் ஓடவிட்டால் கிருமியே இல்லாத வெற்று மாதிரியும் பாசிட்டிவ் போல நிறம் மாறும். அந்தத் தலைவலி வேறு.

‘பாசிட்டிவ்’ என்ற சொல்லை எவ்வளவு நம்புவது என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும். 2003 அக்டோபரில் ஹூஸ்டனில் காற்றைக் கண்காணிக்கும் வடிகட்டிகளில் துலரேமியா என்ற தொற்றுநோய்க் கிருமியின் டிஎன்ஏ சிக்கியது. கிருமித் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. சுற்றுப்புறத்தில் இயல்பாகவே இருந்தது என்றுதான் முடிவானது. ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு மண்ணிலேயே நெருங்கிய சொந்தங்கள் உண்டு, பூச்சிமருந்தாகத் தெளிக்கும் பேசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் பாக்டீரியா உட்பட. ஒரே ஒரு மரபணு இலக்கை மட்டும் தேடும் கிட் என்றால் வாங்காதீர்கள்; குறைந்தது இரண்டு, மூன்று இலக்குகள் சேர்ந்து ஏற வேண்டும். செத்த கிருமியின் டிஎன்ஏவும் பெருகும். கிருமிநீக்கம் செய்த தரையைத் துடைத்துச் சோதித்துவிட்டு ‘இன்னும் உயிரோடு இருக்கிறது’ என்று அறிக்கை எழுதினால் அந்தத் தவறு கருவியுடையது அல்ல. 35க்கு மேல் வரும் சிடியை மறு ஓட்டம் இல்லாமல் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கையேட்டில் பொடி எழுத்தில் இருப்பதை நான் பெரிதாகச் சொல்கிறேன்: லைசிஸ் பஃபரில் (கிருமியை உடைத்து டிஎன்ஏவை வெளியே எடுக்கும் கரைசல்) குவானிடின் தயோசயனேட் என்ற உப்பு இருந்தால் பிளீச் பக்கத்திலேயே வரக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு. கழிவுக்குத் தனிப் பை, மேசை துடைக்கப் பிளீச், இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி. அந்த பஃபரில் போட்டதாலேயே ஸ்போர்கள் (கிருமியின் உறக்கநிலை வித்துகள்) செத்துவிட்டன என்றும் நினைத்துவிடாதீர்கள். ஓட்டி முடித்த ட்யூபை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது கோடிக்கணக்கில் பெருகிய நகல். ஒரு துளி தெறித்தால் அடுத்த பல ரன்களுக்கு, கிருமியே இல்லாத நெகட்டிவ் கன்ட்ரோலும் ஏறும்.

குமிழிக்காக இவ்வளவு திட்டிய அதே உருண்டைதான் இந்தக் கருவியின் ஆகப்பெரிய நன்மையும். ஐஸ் பெட்டி வேண்டாம், உறைபெட்டி வேண்டாம், மின்சாரம் போனால் பதற்றம் வேண்டாம். பையில் கிடந்த பொட்டலத்தைக் கிழித்து, பல மாதம் ஆன உருண்டையைக் கரைத்தால், டிஎன்ஏ இருப்பது தெரிந்த பாசிட்டிவ் கன்ட்ரோல், புதிய உருண்டையின் சிடியிலேயே ஏறுகிறது. அதைப் பார்க்கும்போது இதன் எல்லாக் குற்றத்தையும் மன்னிக்கத் தோன்றும். ஈரம் மட்டும் ஆகாது. பொட்டலத்தைக் கிழித்தபின் வெளியே வைத்திருந்தால் உருண்டை சுருங்கி, ஓரம் கண்ணாடிபோல் ஆகிவிடும். அது குப்பைக்குத்தான். உள்ளே இருக்கும் ஈர உறிஞ்சியின் நிறம் மாறியிருந்தால் உருண்டை எப்படி இருந்தாலும் அந்தப் பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

ஆக, உறுதியானது, வேகமானது, ரியேஜென்ட் அருமை. இவ்வளவு சொன்னபின் ‘வாங்குங்கள்’ என்றுதான் முடிக்க வேண்டும். போன மாதம், அந்த மென்பொருள் புதுப்பிப்பு வருமுன், கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இன்று பதில்: வேண்டாம். வளைவை முதல் திரைக்குத் திருப்பிக் கொண்டுவரட்டும், பிறகு பார்க்கலாம். அதுவரை காத்திருக்க முடியாது என்றால், அந்தச் சின்ன சென்ட்ரிஃபியூஜை முதலில் வாங்குங்கள், கருவியைப் பிறகு.