வீட்டிலேயே எடுக்கும் ஜிபிஎஸ் டெஸ்ட் கிட்: காசு கொடுத்து வாங்கலாமா?

இங்கிலாந்தில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் நம் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனாருக்கு 36 வாரம் முடிந்ததும் டாக்டரே ஜிபிஎஸ் டெஸ்ட், அதாவது குரூப் பி ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், எடுத்துவிட்டார். அங்கே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அது வழக்கம். இங்கே அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் எல்லோருக்கும் எடுப்பதில்லை. பிரசவ நேரத்தில் காய்ச்சல், குறைமாதத்தில் வலி, முந்தைய குழந்தைக்கு இந்தத் தொற்று வந்தது என்று ஏதாவது காரணம் இருந்தால் மருந்து கொடுப்பார்கள். அப்படி எதுவும் இல்லாதவர்கள், நமக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், தனியார் லேபில் கிட் வாங்கி நாமே எடுத்து அனுப்ப வேண்டியதுதான். நான் வாங்கினேன். பாசிட்டிவ் வந்தது.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். குரூப் பி ஸ்ட்ரெப் என்பது குடலிலும் பிறப்புறுப்பிலும் சாதாரணமாகத் தங்கியிருக்கும் ஒரு பாக்டீரியா. நான்கைந்து பெண்களில் ஒருவருக்கு இருக்கும். வலி, எரிச்சல், வெள்ளைப்படுதல் என்று எந்த அறிகுறியும் காட்டாது. வரும், போகும். பாலுறவு நோய் அல்ல, சுத்தக்குறைவால் வருவதும் அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரிசல்ட் வந்த அன்று திருச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மா, மாப்பிள்ளை காதில் விழாதபடி, "யார்கிட்டேருந்துடி ஒட்டிச்சு?" என்று கேட்டார். யாரிடமிருந்தும் இல்லை அம்மா, உனக்கும் இருந்திருக்கலாம், உன் காலத்தில் யாரும் பார்க்கவில்லை என்று புரியவைக்க ஒரு மாலைப்பொழுது போனது.

நமக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத இந்தக் கிருமி, பிரசவத்தின்போது குழந்தைக்குப் போனால் அபூர்வமாக ரத்தத்திலோ நுரையீரலிலோ மூளைச் சவ்விலோ தொற்றாகிவிடும். பாசிட்டிவ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் சுமார் 400-இல் ஒன்றுக்கு அப்படி வரலாம். வலி தொடங்கியதிலிருந்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினால் அது சுமார் 4000-இல் ஒன்றாகக் குறைகிறது. இந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் காசைக் கொடுத்தேன்.

இனி கிட். நான் வாங்கியபோது விலை 40 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. லேபின் பெயரைப் போடவில்லை. ஏனென்றால் நீங்கள் பார்க்க வேண்டியது அவர்கள் பயன்படுத்தும் முறையை. இசிஎம் டெஸ்ட் என்று போட்டிருக்க வேண்டும். சாம்பிளைச் சத்துள்ள ஒரு திரவத்தில் ஊறவிட்டு, இந்தக் கிருமியை மட்டும் வளரவிட்டு, அதன்பிறகு பார்ப்பது இந்த முறை. சாதாரண ஸ்வாப் டெஸ்ட் (பஞ்சுக் குச்சியில் எடுத்ததை அப்படி ஊறவிடாமல் பார்ப்பது), இருக்கிறவர்களில் பலரையே இல்லை என்று சொல்லிவிடும். ஜேன் பிளம்ப் தம்பதி தங்கள் குழந்தையை இந்தத் தொற்றில் இழந்த பிறகு 1996-இல் தொடங்கிய குரூப் பி ஸ்ட்ரெப் சப்போர்ட் என்ற அறக்கட்டளையின் தளத்தில், எந்த மாதிரி டெஸ்ட் கேட்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. ஆர்டர் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

சின்ன அட்டைப் பெட்டி. உள்ளே கறுப்பு ஜெல் நிரப்பிய குழாய், நீளக் குச்சியின் நுனியில் பஞ்சு, ஒரு ஃபார்ம், ஸ்டாம்ப் ஒட்டத் தேவையில்லாத கவர். முதலில் முன்பக்கம் (பிறப்புறுப்பு), பிறகு ஆசனவாய். இந்த வரிசையை மாற்றக்கூடாது. அந்த இரண்டாவது இடத்தைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், கிருமியின் வீடே குடல்தான். நிறைமாத வயிற்றோடு குனிந்து பார்க்க முடியாது. குளியலறைத் தொட்டியின் விளிம்பில் ஒரு காலை வைத்து, கையால் தடவித்தான் எடுக்க வேண்டும். ஆழமாகப் போகத் தேவையில்லை, வலிக்காது. குச்சியை ஜெல்லுக்குள் இறக்கி மூடி அழுத்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வரும்வரை அழுத்துங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் குழாயிலும் ஃபார்மிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் எங்கே போகும் என்ற குழப்பம் இங்கே ரொம்ப முக்கியம். ஆஸ்பத்திரி நோட்ஸில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவது நல்லது.

எப்போது எடுப்பது? 35 முதல் 37 வாரத்துக்குள். கிருமி வந்து போவதால், பிரசவத்துக்கு அதிகபட்சம் ஐந்து வாரம் முன்பு எடுத்த ரிசல்ட்தான் நம்பத் தகுந்தது. ஐந்தாம் மாதத்தில் எடுத்து நெகட்டிவ் வந்தால் அதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது.

குறை என்று சொன்னால் ரிசல்ட் அனுப்பிய விதம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு மின்னஞ்சல். பாசிட்டிவ், உங்கள் மிட்வைஃபிடம் (பிரசவம் பார்க்கும் செவிலி) பேசுங்கள், அவ்வளவுதான். லேப் போனை யாரும் எடுக்கவில்லை. 40 பவுண்டு வாங்குகிறவர்கள், "பயப்பட வேண்டாம், இது அவசரம் இல்லை, வலி வந்தால் இதைச் செய்யுங்கள்" என்று நான்கு வரி சேர்த்திருக்கலாம். அன்று இரவு நான் தூங்கவில்லை, என் கணவரும்தான். அதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். டெஸ்டின் துல்லியத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மிட்வைஃப் தங்கமானவர். தனியார் ரிசல்ட்தானே என்று ஒதுக்காமல் வாங்கிப் பார்த்து, நோட்ஸில் ஏற்றி, முன்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினார். இப்போதே மாத்திரை போட்டுச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். போட்டாலும் பிரசவத்துக்குள் திரும்ப வந்துவிடும், அதனால் பயனில்லை என்றார். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே போன் பண்ணு, முதல் வாக்கியமே 'எனக்கு ஜிபிஎஸ் பாசிட்டிவ்' என்று இருக்கட்டும் என்றார். பென்சிலின் அலர்ஜி இருக்கிறதா என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அலர்ஜி உள்ளவர்களுக்கு வேறு மருந்து உண்டு, ஆனால் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அவர் சொன்னபடியே நடந்தது. கையில் கேனுலா (மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) போட்டு முதலில் 3 கிராம் பென்சிலின், அப்புறம் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 1.5 கிராம், குழந்தை பிறக்கும்வரை. ஏறும்போது கை குளிரும், லேசாக இழுக்கும். டோஸ்களுக்கு நடுவில் ட்ரிப்ஸைக் கழற்றிவிட்டதால் நடக்கவும் பிரசவப் பந்தில் உட்காரவும் முடிந்தது. பிறப்பதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் முன்பே முதல் டோஸ் போய்விட்டதால் குழந்தைக்குத் தனிக் கண்காணிப்பு தேவைப்படவில்லை. அந்த நேரம் கிடைக்காவிட்டால் 12 மணி நேரம் மூச்சு, சூடு, பால் குடிப்பது எல்லாவற்றையும் பார்ப்பார்கள். "பால் குடுக்கலாமாம்மா?" என்று அம்மா மிட்வைஃபிடமே தமிழில் கேட்டுவிட்டார். நான் மொழிபெயர்த்தேன். தாராளமாக என்றார் அவர்.

இந்த ட்ரிப்ஸ் முதல் வாரத் தொற்றைத்தான் தடுக்கும். அதற்குப் பிறகு மூன்று மாதம்வரை வரக்கூடிய தாமதத் தொற்றை அது தடுக்காது. குழந்தை முனகிக்கொண்டே மூச்சு விட்டாலோ, துவண்டு கிடந்தாலோ, பால் மறுத்தாலோ, உடம்பு அதிகமாகச் சுட்டாலோ சில்லிட்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். பாட்டி வைத்தியமும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

யாருக்கு இந்தக் கிட் தேவையில்லை? இந்தக் கர்ப்பத்திலேயே சிறுநீரிலோ ஸ்வாபிலோ ஜிபிஎஸ் தெரிந்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டாம், மருந்து எப்படியும் கிடைக்கும். முந்தைய குழந்தைக்கு இந்தத் தொற்று வந்திருந்தாலும் அப்படியே. முந்தைய கர்ப்பத்தில் உங்களுக்குப் பாசிட்டிவ் வந்திருந்தால், இந்தமுறை டெஸ்ட் எடுக்கலாமா என்று என்எச்எஸ்ஸிலேயே கேளுங்கள், காசு மிச்சம். மற்றவர்கள் வாங்கலாம். ஒன்று மட்டும்: திங்கள் அல்லது செவ்வாய் காலையில் தபாலில் போடுங்கள். சாம்பிள் சனி ஞாயிறு தபால்பெட்டியில் கிடக்காது, ரிசல்ட்டும் மிட்வைஃப் போனை எடுக்கும் நாளில் வரும்.