நகப்பூஞ்சை "லேசர்" என்று 1,680 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள்: நீரிழிவு உள்ளவர்கள் கவனம்

1,680 சிங்கப்பூர் வெள்ளி. உணவங்காடி நிலையத்தில் தட்டு கழுவி என் அம்மா சேர்த்த பணம். அதில் ஒரு காசுகூடத் திரும்ப வராது என்று நேற்று மாலை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். இரவு முழுவதும் தூக்கமில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெயரைப் போடவில்லை. கடைத்தொகுதி ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கும் கால் பராமரிப்பு நிலையம். பாதி அழகு நிலையம், பாதி மருந்தகம் போலத் தெரியும். எல்லாரும் வெள்ளை அங்கி அணிந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட மருத்துவர் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு 61 வயது. பத்து ஆண்டுகளாக நீரிழிவு. நாள் முழுவதும் ஈரத் தரையில் ரப்பர் காலணியோடு நிற்கிற வேலை. வலது கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. "கோயில் வாசலில் செருப்பைக் கழற்றவே கூச்சமாக இருக்கிறது" என்று ஒரு நாள் சொன்னார். அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அங்கிருந்த பெண் தமிழில் பேசினார். அதில்தான் நாங்கள் விழுந்தோம். "வாருங்கள் அம்மா" என்று உட்கார வைத்து, அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் காலை யாரும் அப்படித் தொட்டதில்லை. அம்மாவின் கண் கலங்கிவிட்டது. சின்ன விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "பூஞ்சை முற்றிவிட்டது. இப்படியே விட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும். பத்து முறை லேசர் வைத்தால் இரண்டே மாதத்தில் புது நகம், நான் பொறுப்பு" என்றார். என் தாத்தா நீரிழிவால் காலை இழந்தவர். விரலை எடுப்பது என்ற பேச்சு வந்ததும் அம்மா வேறெதையும் கேட்கவில்லை. அந்தப் பயத்தின் மேல்தான் ரசீது போட்டார்கள். நெட்ஸ் வங்கி அட்டையில் ஒரே தடவையாக 1,680 வெள்ளி.

நகத்தில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. சர்க்கரை அளவைக் கேட்கவில்லை. விரலிடுக்கை விரித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் நகத்தை ராவி, சிவப்பு வெளிச்சம் ஒன்றைக் காட்டி, மேலே இளஞ்சிவப்புச் சாயம் பூசி அனுப்பினார்கள். நாங்களும் நகம் தேறி வருகிறது என்று நம்பினோம். ஏழாவது முறை ராவியபோது சதை கிழிந்தது. "சின்னக் கீறல்தான்" என்று பிளாஸ்திரி ஒட்டினார்கள். மூன்றாம் நாள் சீழ் வைத்துவிட்டது.

அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு ஓடினோம். அங்கே தாதி சாயத்தை அழித்தார். அடியில் அதே மஞ்சள் நகம். தடித்து நிறம் மாறிய நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை என்றார் மருத்துவர்; அடிபட்டாலும், சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருந்தாலும் அப்படி ஆகுமாம். அதனால் முதலில் நகத்தை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். பூஞ்சை என்று உறுதியானால், ஈரல் நலமா என்று இரத்தம் பார்த்துவிட்டு, டெர்பினஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை 12 வாரம் தினமும் தருவார்கள். லேசான தொற்றுக்கு நகத்தில் பூசும் மருந்தே போதும். லேசருக்குச் சான்று வலுவாக இல்லை என்றார். விரலிடுக்கை விரித்துப் பார்த்தால் சேற்றுப்புண்! அங்கிருந்துதான் பெரும்பாலும் நகத்துக்கு ஏறுமாம். ஏழு முறை காலைப் பிடித்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் சொன்னார். கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். பூஞ்சை செத்தாலும் நகம் முழுவதும் தெளிய ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். வீட்டுக்கு வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: அம்மாவின் நகம் 16 மில்லிமீட்டர். இரண்டு மாதத்தில் புது நகம் எப்படி வரும்? அந்தப் பொய்க்குத்தான் 1,680 வெள்ளி கொடுத்தோம். பூஞ்சைதானா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பணத்தைக் கேட்டபோது மேலாளர் மலேசியாவில் ஜோகூருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய புண்ணின் படத்தைப் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. பிறகு, அம்மா காலணியைக் காயவைக்காததுதான் காரணமாம். நேற்று நேரில் போனோம். காலை மடியில் வைத்துக்கொண்ட அதே பெண், ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். ரசீதின் அடியில் எறும்பளவு எழுத்தைக் காட்டி, பணம் திருப்பித் தரப்படாது என்றார். வேண்டுமானால் மீதி மூன்று முறைக்குப் பதிலாகப் பாதச் சுத்தம் செய்து தருவார்களாம். அம்மா ஒன்றும் பேசாமல் காலணியை மாட்டிக்கொண்டார்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. பரிசோதனை இல்லாமல் பூஞ்சை என்று சொல்பவரை நம்பாதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். நீரிழிவு இருந்தால் நகத்தை ராவ விடவே வேண்டாம், பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள்: சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் செய்யலாம், சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

நான் இன்றே புகார் எழுதப்போகிறேன். அம்மாவுக்குக் கட்டு மாற்ற வேண்டும், அதை முடித்துவிட்டு.