மெடல் ஆராய்ச்சி என்று வருபவரிடம் மெடலைக் கொடுத்தனுப்பாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர் பக்கம் இருப்பவர்கள் வீட்டில் தாத்தா காலத்து ராணுவ மெடல் ஏதாவது இருந்தால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். "உங்க மெடலோட வரலாற்றைத் தேடித் தர்றேன்" என்று ஊர் ஊராக வரும் ஒருவரிடம் எங்கள் குடும்பம் பணத்தையும் இழந்தது, ஐயாவின் மெடலையும் இழந்தது. பணம் போனது போகட்டும். மெடல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கப்பற்படையில் எஞ்சின் பகுதியில் வேலை பார்த்தவர். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தார். அவர் விட்டுப்போன இரண்டு பதக்கங்கள் அப்பத்தாவின் பெட்டிக்குள் இருந்தன. ஒன்று பூர்வி ஸ்டார், அந்தப் போரில் கிழக்கு முனையில், அதாவது இன்றைய வங்கதேசப் பக்கம், பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது பஷ்சிமி ஸ்டார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இன்னொன்று அதே போருக்கான வட்டமான சங்கிராம் மெடல். அதன் விளிம்பில் ஐயாவின் சர்வீஸ் நம்பரும் பெயரும் பொறித்திருந்தது.

பழைய கதவு, தூண், எனாமல் பாத்திரம் கேட்டு ஆட்கள் வீடு தேடி வருவது நம் பக்கத்தில் புதிதில்லை. இவரும் அப்படித்தான் வந்தார். பேச்சுவாக்கில் மெடல்களைப் பார்த்தவர், விலை பேசவே இல்லை. "ஆச்சி, இதை யாரு கேட்டாலும் வித்துடாதீங்க, இது குடும்பச் சொத்து" என்றார். அந்த ஒரு வார்த்தையில் வீட்டில் எல்லோருக்கும் அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. போர் மெடல்களை ஆராய்வதுதான் தன் முக்கிய வேலை என்றும், ஆவணக் காப்பகங்களில் தேடி ஐயாவின் முழு வரலாற்றையும் எழுதித் தருவதாகவும் சொன்னார். கட்டணம் எட்டாயிரம். மெடலின் உலோகத்தையும் எழுத்தையும் நேரில் ஒப்பிட வேண்டும் என்று இரண்டையும் கையோடு வாங்கிப் போனார். சித்தப்பா ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து அறிக்கை வந்தது. கெட்டி அட்டை, தங்க நிறத்தில் தலைப்பு, உள்ளே போர்க்கப்பல் படங்கள். சித்தப்பா அதை அப்பத்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ஐயா குக்ரி கப்பலில் இருந்தாராம். அது மூழ்கியபோது கடலில் குதித்துச் சக வீரர்களைக் காப்பாற்றினாராம், அதற்காகத்தான் பூர்வி ஸ்டார் கிடைத்ததாம்.

அப்பத்தா நடுவில் நிறுத்தினார். "அவுக இருந்தது விக்ராந்துல. பாய்லரு விரிசல் விட்ட கப்பலுன்னுதானே ஆயுசுக்கும் சொன்னாக?"

அப்பத்தா சொன்னதுதான் சரி. விக்ராந்தின் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல் விழுந்திருந்தது. அதனால் முழு வேகத்தில் ஓட முடியாது. அந்த நிலையிலேயே அதை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார்கள். 1971 டிசம்பர் 4 அன்று அதிலிருந்து கிளம்பிய விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடையும் வரை அந்தக் கப்பலை ஓட வைத்தவர்கள், அடித்தளத்து வெக்கையில் மீதி மூன்று பாய்லர்களைப் பார்த்துக்கொண்டவர்கள். ஐயா அவர்களில் ஒருவர். இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் தன்னைப் பெரிய வீரனாகச் சொல்லிக்கொண்டதே கிடையாது. நீராவி அழுத்தம் பற்றித்தான் பேசுவார்.

குக்ரி மூழ்கியது அரபிக்கடலில், டையூவுக்கு அப்பால், டிசம்பர் 9 அன்று. பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி அதைத் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கப்பலோடு போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து உயிர்விட்டார், அவருக்கு மகாவீர் சக்ரா அளிக்கப்பட்டது. இது முழுக்க மேற்கு முனையில் நடந்தது. அங்கே நடந்ததற்குப் பூர்வி ஸ்டார் எப்படிக் கிடைக்கும்? இறந்துபோன அத்தனை பேரின் கதையைத் திருடி எங்கள் ஐயாவின் தலையில் கட்டியிருக்கிறார். எங்கள் ஐயாவுக்கும் அவமானம், அந்த 194 பேருக்கும் அவமானம். எனக்கு இதில்தான் அதிகக் கோபம்.

போன் செய்து கேட்டோம். மழுப்பிவிட்டு அடுத்த தூண்டிலைப் போட்டார். ஐயாவுக்கு வீர் சக்ரா பரிந்துரைத்த கோப்பு டெல்லியில் நிலுவையில் இருக்கிறதாம், இன்னும் இருபத்தைந்தாயிரம் கொடுத்தால் வெளியே எடுத்துவிடலாமாம். வீரப் பதக்கம் பெற்றவர்களின் பெயர் இந்திய அரசிதழில் வெளிவரும். தரகர் வைத்து வாங்கும் பதக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. பணம் தர மாட்டோம், மெடலைத் திருப்பிக் கொடுங்கள் என்று சித்தப்பா கறாராகச் சொன்னார். கூரியரில் வந்தது.

பொட்டலத்தைப் பிரித்ததும் சங்கிராம் மெடலின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நம்பரும் இல்லை, பெயரும் இல்லை. தங்கை முன்பு கல்லூரிக்காக எடுத்த படத்தில் விளிம்பு எழுத்து தெளிவாகத் தெரிகிறது. வந்திருப்பது நகல். விழாக்களில் அணிந்துகொள்வதற்காக இப்படிப்பட்ட நகல்களை ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிய கடைகளில் வெளிப்படையாகவே விற்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவது பெயர் பொறித்த அசலைத்தான். அசலைக் கையில் வாங்கத்தான் அந்த ஆராய்ச்சி, அறிக்கை எல்லாம். இப்போது அவர் போன் அணைந்து கிடக்கிறது. படங்கள், சித்தப்பா வாங்கிய கையெழுத்து, கூரியர் ரசீது எல்லாம் வைத்துப் போலீஸில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம்.

உண்மையான வரலாறு தேவைப்பட்டால் மெடலை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. விளிம்பில் உள்ள நம்பர் போதும். முதலில் வீட்டிலேயே டிஸ்சார்ஜ் சமயத்தில் கொடுத்த பணிச் சான்றிதழும் ஓய்வூதிய ஆணையும் இருக்கிறதா பாருங்கள். எங்களுடையது அத்தை வீட்டில் இருந்தது, ஐயா எந்தெந்தக் கப்பலில் இருந்தார் என்று அதிலேயே இருக்கிறது. இந்தியக் கப்பற்படை மாலுமிகளின் பதிவுகளை மும்பை மான்கூர்டில் உள்ள மாலுமிகள் பணியகம் பராமரிக்கிறது. நம்பரையும் உறவு முறையையும் குறிப்பிட்டு எழுதிக் கேட்கலாம். எழுதத் தெரியவில்லையென்றால் சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள்.

பர்மா போய் வந்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. சில வீடுகளில் இரண்டாம் உலகப் போரின் பர்மா ஸ்டார் இருக்கலாம். ஆறு முனை, கருநீல ரிப்பனில் நடுவே அகலமான சிவப்புப் பட்டை. வங்காள விரிகுடாவில் பணியாற்றிய மாலுமிகளுக்கும் அது உண்டு. அது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். தங்கம் கலந்திருக்கிறது, உரசிப் பார்த்துச் சொல்கிறேன் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

எதற்கும் இன்றைக்கே மெடலின் முன், பின், விளிம்பு மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். பழம்பொருள் கடை வைத்திருப்பவர்கள், மெடல் சேகரிப்பவர்கள் யாரிடமாவது கப்பற்படை நம்பர் பொறித்த சங்கிராம் மெடல், அல்லது விளிம்பைப் புதிதாகத் தேய்த்த மெடல் விலைக்கு வந்தால், வாங்காமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் சொல்லுங்கள். எங்கள் புகாரில் ஐயாவின் நம்பர் இருக்கிறது.