பின்பலகையில் நான்கு துளைகள்: பழைய ஃபைபர் படகுடன் மூன்றரை ஆண்டுகள்

பழவேற்காட்டில் ஒரு பழைய ஃபைபர் படகு இருபத்தைந்தாயிரத்துக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் கண்ணாடி நார்த் தூசி ஏறி என் முழங்கை வரை அரித்துக்கொண்டிருந்தது. எங்கள் படகில் மோட்டாரை மாட்டும் பின்பலகையை இரண்டாம் முறையாகப் பிரித்துப் போட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே அவருக்குச் சொன்ன பதில் கடுமையாகத்தான் இருந்திருக்கும். பொறுமையாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் படகை 2022 ஜனவரியில் எண்ணூரில் 22,000 ரூபாய்க்கு வாங்கினோம். நீளம் 18 அடி, மோட்டார் இல்லை. பதிவை மாமா பெயருக்கு மாற்றிக்கொண்டோம். வார நாள்களில் அவர் கழிமுகத்தில் நண்டுக்கும் இறாலுக்கும் வலை போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உடன் போவேன். 9.9 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் யமஹா மோட்டார் ஒன்றைப் பழையதாகவே 48,000 ரூபாய்க்குத் தனியாக வாங்கினோம். அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய் கலந்து ஊற்றி, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவி, தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் அது பாட்டுக்கு உழைக்கிறது. முகத்துவாரத்து மணல் அந்த ரப்பரைத் தேய்த்துவிடும் என்பதால் மாற்றுவதை மட்டும் நாங்கள் தள்ளிப்போடுவதில்லை.

படகின் உடலைப் பற்றி எவ்வளவு நல்லதாகச் சொன்னாலும் தகும். என் அப்பா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயவைக்காவிட்டால் அவை நீர் குடித்துக் கனத்துப்போகும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக நம் கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்திறங்கியபோது, இந்த ஓடு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எங்கள் வீட்டிலேயே சந்தேகப்பட்டவர்கள் உண்டு. எங்கள் படகும் அந்தக் காலத்தில் வந்ததுதான் என்று விற்றவர் சொன்னார். இத்தனை ஆண்டு வெயிலில் அதன் நிறம் வெளுத்து, மேல்பூச்சு சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டியதே தவிர, அடிப்பகுதியில் ஒரு விரிசல்கூட இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது எங்கள் படகும் தார் பூசியது போலக் கறுத்துக் கிடந்தது. கயிறு, வலை, மிதவை எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியிருந்தது. படகை மட்டும் மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டு நான்கு நாள் துடைத்தோம். வழவழப்பாக இருந்த இடமெல்லாம் பழைய வெள்ளைக்குத் திரும்பிவிட்டது. அந்த நான்காம் நாள் மாலையில் அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை இப்போதும் மறக்கவில்லை.

ஆனால் ஃபைபர் படகு முழுவதும் ஃபைபர் இல்லை. மோட்டாரை மாட்டும் பின்பலகைக்குள் மரம் இருக்கிறது. மோட்டாரின் எடை மட்டுமே நாற்பது கிலோவை நெருங்கும். அது தள்ளும் விசை முழுவதும் அந்தப் பலகையின் மேல்தான் விழுகிறது. வெறும் கண்ணாடி இழையால் அந்தக் கனத்தைக் கட்டினால் செலவு ஏறும் என்பதால், பிளைவுட்டை நடுவில் வைத்து இரு பக்கமும் ‘மேட்’ என்னும் கண்ணாடி இழை விரிப்பும், அதை இறுக்கும் ரெசின் பசையும் போட்டு மூடிவிடுகிறார்கள். மூடியது மூடியபடி இருக்கும் வரை கவலை இல்லை. ஒரே ஒரு ஆணித் துளை வழியாக நீர் உள்ளே போய்விட்டால் அது வெளியேற வழியே இல்லாமல், வெளியே பளபளப்பும் உள்ளே அழுகலுமாகப் படகு வருடக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, கடல்நீரைவிட மழைநீரே மரத்தை வேகமாக அழுகவைக்கிறது என்பது. உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும், நல்ல தண்ணீர் அதை வளர்க்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கரையில் சும்மா கிடக்கும் படகுதான் கடலில் ஓடும் படகைவிடச் சீக்கிரம் கெடுகிறது. அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, தூக்கி வைத்து, பின்னால் உள்ள தக்கையைக் கழற்றி விட்டால் மழைநீர் தேங்காது. முந்தைய உரிமையாளர் அதைச் செய்திருக்கவில்லை.

வாங்கும்போது நான் தட்டிப் பார்க்கவில்லை. வாங்கிய மறுநாள் பக்கத்துப் படகுக்காரர், “கட்டையால தட்டிப் பாரு தம்பி, அது பேசும்” என்றார். பக்கவாட்டில் தட்டினால் கணீரென்ற ஒலி. பின்பலகையில் தட்டினால் ஈர மண்ணில் குத்துவது போல ஓசையே எழவில்லை. கிரைண்டரால் உள்பக்கத்துத் தோலை அறுத்து எடுத்தபோது மரமாக இருந்தது ஊறிய பிண்ணாக்கைப் போலக் கரண்டியில் வந்தது. 19 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டிப் புதிய பலகை செய்தோம். மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ளதைத்தான் வாங்க வேண்டும். கட்டில் செய்யும் பிளைவுட் இதற்கு ஆகாது. பாரிமுனையில் வாங்கிய ரெசினைக் கொண்டு நான்கு அடுக்கு மேட் போட்டோம். பொருளுக்கு மட்டும் 14,500 ரூபாய் ஆயிற்று.

சென்னை வெயிலில் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 20 மில்லி என்று கடையில் சொல்வார்கள். கோடையில் அந்தக் கணக்கில் ஊற்றினால் மேட்டில் தடவி முடிப்பதற்குள் குவளையிலேயே இறுகிக் கை சுடும். பாதியளவே போதும், அதுவும் விடியற்காலையில். மற்றொன்று, ரெசின் இறுகுவதை விரைவாக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது; தீப்பற்றவோ வெடிக்கவோ செய்யும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்.

அந்தப் பலகை பத்து ஆண்டுகளாவது நிற்க வேண்டியது. மோட்டாரின் போல்ட்டுகளுக்காக நான் போட்ட துளைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, ரெசினைக் கெட்டியாகக் குழைத்து அடைத்து, அது இறுகிய பின் அதன் நடுவில் மறுபடி சிறிதாகத் துளைத்தேன். அப்படிச் செய்தால் போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. போல்ட் ஓரமாக நீர் கசிந்தாலும் மரத்துக்குப் போகாது. அதற்கு ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

2023 ஆகஸ்டில் முகத்துவாரம் தூர்ந்து, புரொப்பெல்லர் மணலில் இடித்துக்கொண்டே இருந்ததால், மோட்டாரை இரண்டு அங்குலம் உயர்த்தி மாட்டும்படி மாமா ஒரு மெக்கானிக்கிடம் சொன்னார். நான் அன்று வேலையில் இருந்தேன். மெக்கானிக் உயர்த்தியது சரிதான். ஓட்டம் நன்றாகவே இருந்தது. ஆனால் நான்கு புதிய துளைகளை வெறும் மரத்தில் நேராகப் போட்டு, நீர்க்கசிவைத் தடுக்கும் சீலன்ட் ஒரு சொட்டுக்கூட வைக்காமல் போல்ட்டை முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு மழைக்காலம் கடந்து போன மாதம் தட்டிப் பார்த்தபோது, அந்த நான்கு துளைகளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஓசை செத்திருந்தது. இம்முறை 11,800 ரூபாய். ஆக, படகை வாங்கிய விலையைவிடப் பின்பலகைக்குச் செலவழித்தது அதிகம். பணத்தைவிட எனக்கு ஆறாதது, நன்றாகச் செய்த வேலை அரை மணி நேர அவசரத்தில் வீணானதுதான். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. மோட்டார் தெரிந்த அளவுக்கு அவருக்குப் படகு தெரியவில்லை. இருந்தாலும் என் கோபம் இன்னும் தணியவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. மேலே நான் பாராட்டியதெல்லாம் உண்மை. இருந்தும் இன்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மீறிப் போய்ப் பார்ப்பதானால் ஒரு மரச் சுத்தியலை எடுத்துப் போகட்டும். பின்பலகையை மேலிருந்து கீழ் வரை சாண் இடைவெளியில் தட்டட்டும். போல்ட் ஒன்றைக் கழற்றி, துளைக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்க்கட்டும். கம்பி நுனியில் ஈரத் தூள் வந்தால் விலையைக் கேட்காமலே திரும்பிவிடலாம்.

எங்கள் பலகை இறுகி ஐந்து நாளாகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை மாட்டுகிறோம். டிரில் என் வீட்டில் இருக்கிறது. அதை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று மாமாவிடமும் சொல்லிவிட்டேன்.