லாவாவா, லேப்கிரிட்டா? ஒன்பது போர்டுகளை வைத்துப் பார்த்த கதை

யோக்டோவில் (சிறு கருவிகளுக்கான லினக்ஸை உருவாக்கும் திட்டம்) நாங்கள் உருவாக்கும் லினக்ஸ் இமேஜை ஒன்பது போர்டுகளில் (சிறிய சர்க்யூட் போர்டு கணினிகள்) தினமும் இரவு ஏற்றிச் சோதிக்க வேண்டியிருந்தது. இப்படி நிஜ போர்டுகளில் தானாகச் சோதிக்க உதவும் இரண்டு மென்பொருள்கள்தான் லாவாவும் லேப்கிரிட்டும். முதலில் மூன்று மாதம் லாவா. அப்புறம் லேப்கிரிட்டுக்கு மாறி ஒன்றரை வருடமாகிறது. நாலைந்து பேர் இருக்கும் குழு என்றால் லேப்கிரிட்தான் என்பேன்.

போர்டே இல்லாமல் கணினிக்குள் போலியாக ஓட்டிப் பார்க்கும் க்யூஇமு போதாதா என்று கேட்கலாம். பைதான் ஸ்கிரிப்டுகளுக்கும் சர்வீஸ்களுக்கும் போதும். பூட்லோடர் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்), ஃப்ளாஷ் நினைவகம், வாட்ச்டாக் (போர்டு உறைந்தால் மறுதொடக்கம் செய்யும் டைமர்) இதெல்லாம் நிஜ போர்டில்தான் உடைகிறது. போர்டின் கன்சோலைப் பார்க்க சீரியல் கேபிளும், தூரத்திலிருந்து பவரை நிறுத்திப் போடும் வசதியும் எந்தக் கருவிக்கும் வேண்டும். லாவா, லேப்கிரிட் இரண்டுமே திறந்த மூலம்.

லாவா லினாரோ என்ற அமைப்பில் வளர்ந்தது. யாமல் கோப்பில் (அமைப்புகளை எழுதும் எளிய உரைக்கோப்பு) வேலையை எழுதிக் கொடுத்துவிட்டால் அது வரிசையில் நிற்கும். காலியான போர்டு கிடைத்ததும் இமேஜை ஏற்றி, பூட் செய்து, டெஸ்டை ஓட்டி, முடிவைத் தன் தரவுத்தளத்தில் போட்டுவைக்கும். போர்டு நலமாக இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்கில் தவறிய போர்டுக்கு அதன்பின் வேலை போகாது. இது உண்மையிலேயே அருமையான ஏற்பாடு. லினக்ஸ் கெர்னலைத் தொடர்ந்து சோதிக்கும் கெர்னல்சிஐ திட்டத்துக்கு போர்டு தரும் ஆய்வகங்கள் பலவும் லாவாவில் ஓடுகின்றன.

லேப்கிரிட்டை ஜெர்மனியின் பெங்குட்ரோனிக்ஸ் நிறுவனம் தொடங்கியது. அடிப்படையில் ஒரு பைதான் நூலகம், பைதானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டோடு சேர்ந்து ஓடும். போர்டுகள் செருகியிருக்கும் கணினியில், அவற்றை மற்றவர்களும் நெட்வொர்க்கில் பயன்படுத்த வைக்கும் எக்ஸ்போர்ட்டர் ஓடும். எந்த போர்டு யார் கையில் இருக்கிறது என்ற கணக்கைக் கோஆர்டினேட்டர் வைத்திருக்கும். முடிவுகளைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளம் இதில் இல்லை. எங்களுக்கு அதை, கோடு வைத்திருக்கும் கிட்லேப் தளமே பார்த்துக்கொள்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: காலையில் ஒரு டெஸ்ட் சிவப்பாக நிற்கும்போது கோளாறு நிரலிலா, போர்டிலா, கேபிளிலா என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? லாவா ஓடிய நாட்களில் இரண்டு போர்டுகள் மாறி மாறித் தோற்றன. யாமலைத் திருத்தி, வேலையைக் கொடுத்து, காத்திருந்து, லாகைப் படித்து, மறுபடி திருத்தி... இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால் யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர்களுக்குத் தனி எண் கிடையாது. ஹப் ஒருமுறை அணைந்து வந்ததில் இரண்டு போர்டின் போர்ட் பெயர்களும் இடம் மாறிவிட்டன. லேப்கிரிட்டிலும் இது நடந்திருக்கும். ஆனால் அங்கே என் மேசையிலிருந்தே போர்டை என் பெயரில் பிடித்துக்கொண்டு, கன்சோலைத் திறந்து, பவரை நிறுத்திப் போட்டு, இரவில் தோற்ற அதே பைடெஸ்ட் கோப்பை ஓட்டலாம். போன மாதம் ஒரு எஸ்டி கார்டு சரியாக உட்காராததை அப்படித்தான் இருபது நிமிடத்தில் பிடித்தோம். லாவாவிலும் போர்டுக்குள் எஸ்எஸ்ஹெச்சில் நுழைய வழி உண்டு, ஆனால் நெட்வொர்க் எழுந்த பிறகே அது உதவும். எங்களுக்கு உடைவதெல்லாம் அதற்கு முன்பே, யூ-பூட் என்ற பூட்லோடரில்.

லேப்கிரிட்டுக்கும் பராமரிப்பு உண்டு. ஹெல்த் செக்கை நாங்களே எழுதினோம். பகலில் போர்டைப் பிடித்தவர் விடுவிக்க மறந்தால் இரவு டெஸ்ட் நின்றுவிடும். மாலை ஏழு மணிக்கு எல்லாவற்றையும் விடுவிக்க ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறோம். கோஆர்டினேட்டர் மற்றவற்றோடு பேசும் முறை கிராஸ்பாரிலிருந்து ஜிஆர்பிசிக்கு மாறியபோது, கிளையன்ட் முதல் எக்ஸ்போர்ட்டர் வரை எல்லாக் கணினிகளையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

நான் பார்த்தது ஒன்பது போர்டு, ஒரு குழு, அவ்வளவுதான். நாற்பது போர்டுகளை நான்கு குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் வரிசையும் முன்னுரிமையும்தான் பெரிய தலைவலியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நிலை வந்தால் லாவாவை மறுபடி நிறுவிப் பார்ப்பேன். பழைய யாமல் கோப்புகளை இன்னும் அழிக்கவில்லை.